என் குரலுக்கு வந்த அழகு

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்வது என் வேலை. மாடியில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு மைக், ஒரு கால் ஆடுகிற நாற்காலி. பிறவியிலேயே எனக்குக் கீச்சுக் குரல். நான் வாயைத் திறந்ததும் கீழே குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வதைக் கண்ணாடி வழியாகவே பார்த்திருக்கிறேன். ஓட்டுநர்கள் எனக்கு வைத்த பெயர் ‘விசில்’.

நாற்பதைத் தாண்டியபோது அந்தக் குரல் மாறியது. முதலில் கம்மியது, பிறகு கரகரத்தது. சளி என்று வெந்நீராகக் குடித்துத் தள்ளினேன். போகப் போகக் குரல் காற்றோடு கலந்து, யாரோ காதோரம் ரகசியம் சொல்வதுபோல ஆகிவிட்டது. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கவும் முடியவில்லை.

“பதினேழாம் எண் பேருந்து…” என்று நிறுத்துவேன். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். “…நான்காவது மேடையில்…” மறுபடி நிறுத்தம். “…நிற்கிறது.”

நான் நிறுத்தியது மூச்சு வாங்க. அவர்களோ பெரிய சேதி வரப்போகிறது என்று வாயைப் பிளந்து காத்திருந்தார்கள்.

ஒருநாள் மேனேஜரே படியேறி வந்தார். “எங்க கத்துக்கிட்டீங்க இதை? பயணிங்க எல்லாம் பிரமாதம்னு சொல்றாங்க. அடுத்த ஷிப்ட்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்.”

வந்த இருமலை அடக்கிக்கொண்டு, “அதெல்லாம் பழகப் பழகத் தானா வரும் சார்” என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கெட்டிடம் பேருந்து எண்களைச் சொல்லிப் பார்த்தேன். பக்கெட் சொக்கிப்போனதாகவே எனக்குத் தோன்றியது.

இதற்கிடையே மாடிப்படியில் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. யாராவது பார்த்தால் போனில் ஏதோ படிப்பதுபோல நடிப்பேன். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

“தூங்குறியா, இல்ல யாருக்காவது காத்துக்கிட்டிருக்கியா?” என்று கேட்டார் என் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். எதையும் உற்றுப் பார்க்கிற கண். கடைசியில் அவர்தான் என்னைத் தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனார். எனக்கோ வேறு பயம்.

“டாக்டர், இந்தக் குரல் போயிடாம இருக்க ஏதாவது மாத்திரை இருக்கா?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “குரல் போயிடுச்சுன்னுதாம்மா இங்க வருவாங்க.”

மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, “இடது பக்கக் குரல் நாண் அசையவே இல்ல. மாடி ஏறினா மூச்சு வாங்குதா?” என்றார்.

“எல்லாருக்கும் வாங்குறதுதானே டாக்டர்.”

“நடுப்படியில நின்னு போன் பாக்குற மாதிரி நடிப்பா” என்றார் கணவர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அங்கிருந்து இதய டாக்டரிடம் அனுப்பினார்கள். நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி ஸ்கேன் எடுத்த அந்த அம்மா, “சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டெல்லாம் வீங்குச்சா?” என்று கேட்டார்.

வீங்கியது. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்ற சந்தோஷம் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

“அது உங்க வால்வைத் தொட்டுட்டுப் போயிருக்கு. ரெண்டு கதவும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு முழுசாத் திறக்கல. ரத்தம் கீழ இறங்க முடியாம நுரையீரல் பக்கம் தேங்குது, அதான் மூச்சு வாங்குது. இதயத்தோட மேலறை வீங்கி, குரலுக்குப் போற நரம்பை அழுத்துது.”

“அப்போ இந்தக் குரல்…?”

“நோயோட அறிகுறிம்மா.”

நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். என் நினைப்பு உயிருக்கே உலை வைக்கப் பார்த்திருக்கிறது.

வால்வில் கசிவோ, அறைக்குள் ரத்தக்கட்டியோ இல்லாததால் நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்றார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு சிறு பலூனை ஏற்றி, வால்வுக்குள் ஊதி, ஒட்டியதைப் பிரித்துவிடுவார்களாம். பலூன் என்றதும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அழுதேன்.

பலூன் ஏற்றும் நாளன்று காலை ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எந்தக் குரல்ல வேணா பேசு. பேசாம மட்டும் போயிடாத.”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து வாயை மூடுன்னு சொன்னது யாருங்க?” என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

நான் விழித்திருக்கும்போதே எல்லாம் நடந்தது. பலூன் விரிந்த கணத்தில் நெஞ்சு ஒருமுறை தடுமாறியது. கொஞ்ச நேரத்தில், கட்டிப்போட்டிருந்த மூட்டையை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல மூச்சு உள்ளே போனது. அன்றிரவு தட்டையாகப் படுத்துத் தூங்கினேன்.

குரல் உடனே மாறவில்லை. சில மாதங்களில் மெல்ல மெல்லப் பழைய கீச்சு முழுதாகத் திரும்பியது. மைக் கெட்டுவிட்டது என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். அடுத்த ஷிப்ட்காரர் மட்டும் என்னிடம் கற்ற நிறுத்தங்களை விடவில்லை. அவர் மேடை எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் பேருந்தே கிளம்பிவிடுகிறது.

வால்வு மறுபடி சுருங்கலாம், ஒருநாள் மாற்றவும் வேண்டிவரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பழைய காய்ச்சல் திரும்பாதிருக்க மூன்று வாரத்துக்கொருமுறை பென்சிலின் ஊசி. நான் போடுகிற கூச்சலில் வரிசையில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவதாகக் கணவர் சொல்கிறார். பொய். இரண்டு மூன்று பேர்தான் போகிறார்கள்.