நாடாவில் வந்த செய்தி

இலங்கையின் பருத்தித்துறைத் தபால் கந்தோரில் ஒருகாலத்தில் தந்தி அனுப்பும் டெலிபிரின்டரை இயக்கிய தவமலர், 1994இல் அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் நகரில் டோரிஸ் என்ற ஆங்கிலேய மூதாட்டியின் வீட்டைத் துப்புரவாக்கி வந்தார். டோரிஸின் மறைந்த கணவர் இங்கிலாந்தின் முதல் கணினிகளில் வேலை செய்தவர். அவரது பெட்டியில் ஒருநாள் துளையிட்ட காகித நாடா ஒன்று கிடைத்தது. அந்தக் கணினிகளும் டெலிபிரின்டரைப் போலவே எழுத்துகளைத் துளைகளாகப் பதியும் நாடாவைப் பயன்படுத்தியதால், தவமலர் துளைகளைப் பார்த்தே எழுத்தெழுத்தாக வாசித்தார்: “டோரிஸ், மெசின் திரும்பவும் நின்றுவிட்டது. சாப்பாட்டுக்குக் காத்திருக்காதே. அன்புடன்.”

டோரிஸ் சிரித்தார், பிறகு அழுதார். தவமலரின் கைகளைப் பிடித்து நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தவமலர் கணவரிடம் சொன்னார்: “இஞ்ச வந்து ஆறு வருசமா என்ர பழைய வேலையைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லையப்பா. இண்டைக்கு அந்த மனிசி என்னை இருத்தி, தேத்தண்ணி போட்டுத் தந்து, எல்லாத்தையும் கேட்டுது. நான்தான் நன்றி சொல்லவேணும்.”