புளி போட்ட மோனோகிராம்

செங்கல்பட்டில் புல்லட் வைத்திருப்பவன் எவனாக இருந்தாலும் ஒரு நாளாவது கிருபாகரனிடம் திட்டு வாங்கியிருப்பான். பெட்ரோல் டேங்கின் இரண்டு பக்கமும் இருக்குமே, பேர் பொறித்த சின்னம், அதற்கு மோனோகிராம் என்று பேர். அதைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் அவன் பிழைப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கூடுவாஞ்சேரி டிங்கர் ஷெட் ஒன்றில் கற்றுக்கொண்ட வேலை. இஞ்சின் பக்கமே போகமாட்டான். திருகு துருப்பிடித்திருந்தால் முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறப்போடுவான். பசையில் ஒட்டியதென்றால் வெந்நீர்த் துணி போட்டு, திருவிடந்தை மீனவர்களிடம் வாங்கிய தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு இழுப்பான். டேங்கில் ஒரு கீறல் விழாது. சிறுசேரியில் கம்பெனிகள் வந்தபிறகு, மகாபலிபுரத்துக்கு வண்டி ஓட்டுகிற பையன்கள் மண்டை ஓடும் கழுகும் மாட்டச் சொல்லி வந்தார்கள். "டேங்க் இன்னா உன் வூட்டு பிரிட்ஜா, கண்டதையும் ஒட்ட?" என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டுவான்.

அவனிடமும் அறுபதுகளில் வந்த புல்லட் ஒன்று இருந்தது. அதில் மட்டும் மோனோகிராம் கிடையாது. வாங்கும்போதே வெறும் திருகு ஓட்டைகள்தான். அந்தக் காலத்துப் பித்தளை ஜோடி கிடைத்தால் மாட்டுவேன், இல்லாவிட்டால் இப்படியே கிடக்கட்டும் என்று வைராக்கியமாக இருந்தான். அவன் மனைவி சிநேகா அந்த வண்டிக்கு மூளி என்றே பேர் வைத்துவிட்டாள்.

அவன் ஆசைப்பட்ட ஜோடி ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது, பள்ளிக்கூட வாத்தியார் ஸ்ரீனிவாசராகவனின் வண்டியில். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அவர் கிருபாகரனிடம் வந்துவிடுவார். காரணம் அவர் மனைவி சாவித்ரி. பித்தளை என்று கண்ணில் பட்டால் போதும், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுவாள். குத்துவிளக்கும் ஒன்றுதான், புல்லட்டும் ஒன்றுதான். எழுத்துப் பள்ளத்தில் கம்பெனியில் போட்ட பழைய சிவப்பு பெயிண்ட் என்ன கதியாகும்? பெண்டாட்டியிடம் சொல்லிவிடலாம் இல்லையா? மாட்டார். "அவ ஆசையா செய்யறா கிருபா. வேண்டாம்னா மூஞ்சி வாடிடும்" என்பார். அசலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டூப்ளிகேட்டை மாட்டிக்கொண்டு போவார், பூஜை முடிந்ததும் வந்து மாற்றிக்கொள்வார். மாமியை ஏய்க்கிற இந்தக் கூத்து பல வருஷம் ஒழுங்காக நடந்தது.

2004 பூஜைக்குப் பிறகு அவர் வரவில்லை. மாரடைப்பு. கிருபாகரன் மாலை வாங்கிக்கொண்டு போய் அழுதுவிட்டு வந்தான். கடையில் டப்பாவைத் திறந்தால் அசல் ஜோடி உள்ளே இருந்தது. அது அங்கே இருப்பது அவனைத் தவிர இப்போது யாருக்கும் தெரியாது.

கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். எப்படிக் கொடுப்பது? உங்கள் வீட்டுக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று துக்க வீட்டில் போய்ச் சொல்வதா? நல்ல சாக்கு! முதல் வருஷம் அவர்கள் வீட்டில் பண்டிகை கிடையாது, அதுவும் சாக்காயிற்று. அதற்கடுத்த வருஷத்து ஆயுத பூஜை நெருங்கியபோது தன் வண்டியிலேயே மாட்டிவிட்டான். அடடா, என்ன அழகு! தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். சிநேகா வெளியே வந்தாள்.

"வாத்தியாரோடதா?"

"ஆமா. அங்க யாரு கேக்கப் போறா?"

"கேக்க ஆளு இல்லாத வூட்டுதுதான் உனக்குக் கெடச்சுதா? அது மூளியாவே இருந்துட்டுப் போவட்டும். கழட்டுய்யா."

அவனுக்குச் சுருக்கென்றது. கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

வாத்தியார் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். சாவித்ரி மணை போட்டு உட்கார்ந்து டூப்ளிகேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா கிருபா. பாரேன், எத்தனை புளி போட்டாலும் இது பளிச்சுனு வரமாட்டேங்கறது. வருஷா வருஷம் இதே கதைதான். அவருக்கு இந்த வண்டின்னா உயிர். இதைக்கூட நன்னா தேய்ச்சுக் கொடுக்கத் தெரியலையேன்னு அவர்கிட்ட எனக்கு வெக்கமா இருக்கும்."

கிருபாகரன் துணியைப் பிரித்து நீட்டினான்.

"இதான் மாமி அசலு. நீங்க தேய்க்கிறது டூப்ளிகேட்டு. பெயிண்ட் போயிடும்னு பூஜைக்கு முன்னாடி சார் எங்கிட்ட கழட்டிக் குடுத்துடுவாரு. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. இத்தினி நாளு நான் வெச்சுகினு இருந்தது தப்பு."

மாமி அந்த ஜோடியையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"படுபாவி மனுஷன்! இத்தனை வருஷமா தகரத்தைத் தேய்க்க விட்டிருக்காரே! கொண்டா இங்கே."

வாங்கின வேகத்தில் ஒன்றின்மேல் புளியை அப்பிவிட்டாள். "மாமி, அந்த செவப்பு..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தேய்க்கத் தேய்க்கப் புளித்தண்ணீரோடு சிவப்பும் உரிந்து தரையில் ஓடியது. கழுவி எடுத்தபோது பித்தளை தகதகவென்று இருந்தது.

"வந்துடுத்து பாரு!" என்று வண்டியைப் பார்த்துச் சொன்னாள், வாத்தியார் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல. அப்புறம் மிச்சப் புளியை அவனிடம் நீட்டினாள். "நிக்கறியே, இன்னொண்ணை நீ தேயேன்."

கிருபாகரன் பக்கத்தில் குந்தி, புளியை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தான்.