பிள்ளைகளை எண்ணாத தியம்பாட்டி

சிங்கம் விடும் கொட்டாவியை வைத்தே, அது காலையில் தின்றது வரிக்குதிரையா காட்டெருமையா என்று சொல்லிவிடுவான் தியம்பாட்டி. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். பக்கத்தில் எலும்பு கிடந்தால்தான் சொல்வான்.

சின்னப் பிள்ளைகளோடு மாரா காட்டுக்கு விலங்கு பார்க்க வருபவர்கள், வழிகாட்டியும் ஓட்டுநருமான அவன் வண்டியைத்தான் கேட்டு வாங்குவார்கள். சிவப்புக் கட்டம் போட்ட போர்வை, டயரில் வெட்டிய செருப்பு, இருக்கைக்கு அடியில் ஒரு வாளி. சிங்கத்துக்குப் பத்தடியில் நிற்கும்போதுதான் பிள்ளைகளுக்கு அவசரம் வரும் என்பது அவன் பதினெட்டு வருட அனுபவம். "இறங்கக் கூடாது ராசா, இதுலயே போ. சிங்கம் அந்தப் பக்கம் திரும்பிக்கும்" என்பான். யானைச் சாணத்தை உடைத்து முகரக் கொடுப்பான். என் பேரப்பிள்ளைகள் மூன்றும் பிறந்தநாள் கேக் மாதிரி அடித்துப் பிடித்து முகர்ந்தன!

ஒரு பிடிவாதம் உண்டு. பிள்ளைகளை எண்ணமாட்டான். அவன் இனத்தாரான மாசாய்க்காரர்கள் மாட்டையும் எண்ணுவதில்லை, பிள்ளையையும் எண்ணுவதில்லை. வண்டியில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையும் தலையைக் குனிய வேண்டும். உச்சியைத் தொட்டு உள்ளே விடுவான். மாசாய்க்காரர்களுக்கு அது வணக்கம். அவனுக்கு அதுவே வருகைப் பதிவேடு. நானோ மேரு ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு டீச்சர். "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கினாலே காதைப் பொத்திக்கொள்வான். "எண்ணாதீங்க டீச்சரம்மா, ஆகாது!"

அன்று ஆற்றங்கரையில், அத்திமரத்தடியில், எண்ணெயில் பொரித்த மந்தாசி ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். எங்கள் விடுதியின் இன்னொரு வண்டியும் அங்கே நின்றது. விடுதி கொடுத்த மஞ்சள் தொப்பி எல்லாப் பிள்ளைகள் தலையிலும். திடீரென்று குரங்குக் கூட்டம் ஒன்று மந்தாசி மேல் வந்து குதித்தது. பிள்ளைகள் வீரிட்டு, எதிர்ப்பட்ட வண்டியில் ஏறின. மற்ற வண்டி கிளம்பிப் போய்விட்டது. நான் மஞ்சள் தொப்பிகளை எண்ணினேன்.

"மூணு. சரியா இருக்கு. எடுப்பா வண்டிய!"

தியம்பாட்டி கதவருகே வந்து கையை நீட்டினான். இரண்டு தலைகள் குனிந்தன. மூன்றாவது குனியவில்லை, நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கியது.

"டீச்சரம்மா, இது நம்ம புள்ள இல்ல."

தொப்பியைத் தூக்கினேன். யார் பெற்ற பிள்ளையோ, எங்கள் மந்தாசியை மென்றுகொண்டிருந்தது. என் ஐந்து வயதுப் பேரன் முரிதியைக் காணோம். எதிரே முதலை மிதக்கும் ஆறு.

தியம்பாட்டி கரைக்கு ஓடி ஈரமண்ணைக் குனிந்து பார்த்தான். "சின்னக் கால் தடம் ஒண்ணும் இல்ல. ஆத்துப் பக்கம் போகல." திரும்பி வந்து வயர்லெஸ்ஸில் கத்தினான்: "எம் புள்ள உன் வண்டியில இருக்கானா பாரு! இடது காதுல மச்சம், முன்பல்லு பாதி, முட்டியில புதுச் சிராய்ப்பு!"

"என் வண்டியில எல்லாம் சரியா இருக்குப்பா. இப்பத்தான் எண்ணினேன்."

"எண்ணினது போதும், மூஞ்சியப் பாருடா!"

ஒரு நிமிடம் இரைச்சல் மட்டும். பிறகு, "அடேய்... மச்சம் இருக்கு!"

நாற்பதைத் தாண்டாத எங்கள் வண்டி அன்று பறந்தது. ஏழு யானைகள் வரிசையாக ஒதுங்கி வழிவிட்டன. மற்ற வண்டி ஒரு கறையான் புற்றருகே நின்றது. உள்ளே முரிதி என்னைக் கேட்டு ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தான்.

இந்த வரியை எழுதியதுமே, தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த என் பேத்தி கெண்டி பேனாவைப் பிடுங்கினாள்.

"பொய், பாட்டி! அவன் எங்க அழுதான்? புத்து மேல சிவிங்கிப்புலிக் குட்டி உக்காந்திருந்துச்சு, அதப் பாத்துக்கிட்டு இறங்கவே மாட்டேன்னு அடம். அழுதது நீங்க. தியம்பாட்டி மாமா தன் போர்வை முனையக் குடுத்தாரு. நீங்க அதுலயே மூக்கச் சிந்துனீங்க."