காற்றாடிச் சக்கரத்தின் கடைசிக் கீற்று

“இந்தப் பொம்பளப் புள்ள சீலிங் ஃபேனுக்கு ரெக்கை மாட்டுச்சு. அது ஆடற ஆட்டத்துல கீழ ஒருத்தரும் படுக்கறதில்ல. இது காத்தாடிச் சக்கரம் பூட்டுதாமா?”

பெரியப்பா இதை என் அப்பாவிடம்தான் சொன்னார். ஆனால் நான் பக்கத்தில் நிற்கும்போது, எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

ஃபேன் ஆடியது உண்மை. அது கொக்கியின் கோளாறு என்று எத்தனையோ முறை விளக்கியாயிற்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வேறு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமெல்லாம் இல்லை.

மொரப்பூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் மேட்டுக்காட்டுக்கு மின்சார இணைப்பு கிடையாது. அங்கே தண்ணீர் இறைக்க வைத்த தாத்தா காலத்துக் காற்றாடிக் கோபுரம் ஒன்று கிணற்றின் மேல் மொட்டையாக நின்றது. ஒரு சூறைக்காற்றுக்குப் பிறகு கழற்றி இறக்கிய சக்கரம், துண்டு துண்டாக மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. கோழிகள் அதனடியில் முட்டையிட்டன. மேட்டுக்காட்டு மாடுகளுக்கு அம்மா கீழ்க்கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள். சக்கரத்தில் பெரியப்பாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் அதைக் கம்பைநல்லூர் பழைய இரும்புக்காரருக்குப் பேசி முடித்துவிட்டார்.

நான் சண்டை போட்டேன். கடைசியில் ஒரு கெடு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரும்புக்காரரின் வண்டி வரும். அதற்குள் சக்கரம் முழுதாகப் பூட்டியிருந்தால் நம்முடையது, இல்லையென்றால் இரும்புக்காரருடையது.

பூசணிக்காயைக் கீற்றுப் போட்டதுபோல் இருக்கும் அந்தச் சக்கரம். ஒவ்வொரு கீற்றிலும் சில இறக்கைத் தகடுகள், அவற்றைப் பிடித்திருக்கும் வளைந்த இரும்புப் பட்டைகள். ஒரு கீற்றின் பட்டையை அடுத்த கீற்றின் பட்டையோடு போல்ட் போட்டுச் சேர்க்க வேண்டும். இதில் ஒரே ஒரு சூத்திரம்தான்: எல்லாவற்றையும் விரலால் சுற்றித் தளர்வாக விட்டுவிட்டு, கடைசிக் கீற்று உட்கார்ந்த பிறகே முடுக்க வேண்டும். முதலிலேயே முடுக்கினால் ஒவ்வொரு மூட்டிலும் இம்மியளவு விலகல் சேர்ந்துகொண்டே போய், கடைசிக் கீற்றுக்கு இடம் இருக்காது.

ஞாயிறு காலை கோபுரத்தடிக் களத்தில் கூடிய எல்லாருக்கும் இதைத் தெளிவாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பிரச்சினை, அவர்கள் வெள்ளை வேட்டியில் வந்திருந்ததுதான். அப்பா பங்காளிகளை எல்லாம் அழைத்திருந்தார். கல்யாண வீட்டில் பந்தக்கால் நடும்போது ஆளுக்கொரு கை வைப்பார்களே, அதுபோல ஆளுக்கொரு போல்ட் என்று முடிவாகியிருந்தது. நல்ல நேரம் பார்த்து, முதல் போல்ட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பெரியப்பா ஸ்பேனரைப் பிடித்தார். தளர்வாக விடச் சொன்னேன். சபை முன்னால் மூத்தவர் முடுக்கிய போல்ட் லொடலொடவென்று ஆடினால் நன்றாகவா இருக்கும்? ஸ்பேனர்மேல் காலை வைத்து மிதித்து முடுக்கினார். அடுத்தவர் அவருக்குச் சளைத்தவரா? பங்காளி வரிசைப்படி ஒவ்வொருவரும் முந்தியவரைவிட ஒரு சுற்று அதிகமாக முடுக்கினார்கள். சித்தப்பா ஸ்பேனரில் குழாயைச் செருகி முடுக்கினார். யார் கையைப் பிடித்து நான் தடுப்பது? எல்லாருமே எனக்கு மூத்தவர்கள்.

கடைசிக் கீற்று உள்ளே போகவில்லை. இரண்டு விரல் இடம் குறைந்தது.

சுத்தியலால் தட்டினார்கள். கட்டையை வைத்து அடித்தார்கள். மழையில் கிடந்த இரும்பு ஊதியிருக்கும் என்றார் ஒருவர். இது வேறு காற்றாடியின் துண்டு என்றார் இன்னொருவர். சித்தப்பா ஓரத்தை வெட்டிவிடலாம் என்று வெல்டிங் பட்டறைக்காரருக்குப் போன் போடப் போனார். பெரியப்பா தன் செல்போனை எடுத்து, இரும்புக்காரரைச் சீக்கிரமே வரச் சொன்னார்.

வண்டி வந்துவிட்டால் அம்மாவுக்கு ஆயுசுக்கும் தண்ணீர்ச் சுமைதான். எல்லா போல்ட்டையும் தளர்த்தினால் கீற்று தானாக உட்காரும் என்றேன்.

“நல்ல நேரத்துல முடுக்குனத அவுக்கறதா?” என்றார் பெரியப்பா. பங்காளிகள் கூட்டமாக என்னைப் பார்த்தார்கள். பட்டையின் விலகலைப் பற்றி நான் எடுத்த பாடம் யார் காதிலும் ஏறவில்லை.

“ஏனுங்க பெரியப்பா, நல்ல நேரம் பாத்துக் கட்டுன தாலியவே அப்புறம் பிரிச்சுக் கோக்கறோம் இல்லிங்களா? அதுக்குப் பேரு அவுக்கறதுங்களா?”

பெரியப்பா யோசித்தார். பிறகு, என் வாயை அடைக்க நினைத்து, தன் வாயாலேயே வழிவிட்டார்.

“தாலி பிரிச்சுக் கோக்கறது பொம்பளைங்க வேலை. ஆம்பளைங்க கை படக்கூடாது.”

சோற்றடுப்புப் பக்கமிருந்து பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தாள். அம்மாவும் சித்தியும் பின்னால் வந்தார்கள். நான் ஸ்பேனரைக் கொடுத்து எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டினேன். பெரியம்மா நேராகப் போய் மஞ்சள் வைத்த போல்ட்டின் முன் உட்கார்ந்தாள்.

“இந்த மனுசன் முடுக்கி வெச்சத அவுக்கணும்னு எத்தன வருசமா இருக்கறேன்.”

பெரியப்பா தென்னைமரத்தைப் பார்த்தார்.

பெண்கள் சுற்றிவந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். சித்தப்பாவின் போல்ட்டுக்கு மட்டும் குழாய் தேவைப்பட்டது. சக்கரம் முழுவதும் லேசாக அசைந்து கொடுத்தது. கடைசிக் கீற்றை நானும் அம்மாவும் தூக்கி வைத்தோம். சுத்தியல் கேட்காமல் அது போய் உட்கார்ந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கச் சொன்னேன்: இங்கே அரைச் சுற்று, நேர் எதிரே அரைச் சுற்று, அப்புறம் அடுத்த ஜோடி. பெண்கள் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் வரிசை பிசகாமல் செய்தார்கள். யாருக்கும் யாரையும் மிஞ்ச வேண்டியிருக்கவில்லை.

பெரியப்பா வந்து வளையத்தின் மேல் ஏறி ஒரு சுற்று நடந்து பார்த்தார். எங்கும் ஆடவில்லை. இறங்கி, போனை எடுத்து இரும்புக்காரரிடம், “வண்டியத் திருப்பிக்கங்க, நாங்க எல்லாருஞ் சேந்து பூட்டிட்டோம்” என்றார். அந்த ‘நாங்க’வில் என்னையும் சேர்த்திருந்தார் என்றே எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு, சக்கரத்தை மேலே ஏற்ற முதலில் கோபுரத்தில் ஏறுவது யார் என்று பேச்சு வந்தது. ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குத் தலைசுற்றல். வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவரலாம் என்றார் பெரியப்பா. அவர் காலடியில் ஒரு கயிற்று முனை வந்து விழுந்தது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தபோது, நான் கோபுர உச்சியில் கப்பியை மாட்டி முடித்திருந்தேன்.