பனியில் போன லீவு

பனியில் விளையாடுவதற்கென்று வடக்கே போகிறவர்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய காசு, அவர்களுடைய முழங்கால். ஆனால் அந்தப் பனிக்குள் என்னையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நீயும்தானே விளையாடினாய் என்று பிறகு சொன்னார்களே, அதைத்தான் என்னால் இன்றுவரை செமிக்க முடியவில்லை.

இத்தாலியின் தெற்கே பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் எழுப்பிக் கழுவி, சாப்பாடு தீத்தி, பின்னேரம் சக்கர நாற்காலியில் வைத்து மரநிழலில் தள்ளிக்கொண்டு போவேன். பாவம், நல்ல மனிதர். பாதி நேரம் என்னைத் தன் தம்பியென்று நினைத்துக் கதைப்பார். சம்பளம் தருவதும் சட்டம் போடுவதும் அவருடைய மகள். நான் அவரை சிஞ்ஞோரா, அம்மணி, என்பேன்.

அந்தத் தை மாதம் யாழ்ப்பாணத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் பொருந்தி வந்தது. ஆனியில் முகூர்த்தம். ஆடி பிறந்தால் எங்கள் ஆட்கள் நல்ல காரியம் தொட மாட்டார்கள். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பது பெண்ணின் சகோதரன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது அவன்தான். அப்பா இல்லாத வீட்டில் நான் ஒருவன்தான் ஆண்பிள்ளை. அவள் பள்ளிக்கூடச் சட்டையோடு திரிந்த காலத்தில் நாட்டை விட்டு வெளிக்கிட்டவன் நான். அவளுக்கு அண்ணனாக நேரில் நின்று செய்யக் கிடைத்தது அந்த ஒரு காரியம்தான்.

சிஞ்ஞோராவிடம் ஜூனில் ஒரு மாதம் லீவு கேட்டேன். “தங்கையின் கல்யாணமா? கட்டாயம் போக வேண்டும்” என்று சொல்லி, இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தார். அன்றைக்கே தங்கையை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழுதாள், சந்தோசத்தில்தான்.

மாசியில் அந்தக் குடும்பம் வழக்கம்போல வடக்கே ஆல்ப்ஸ் மலைக்கு வெளிக்கிட்டது. ஒவ்வொரு வருடமும் போகிறவர்கள். இந்தமுறை கிழவருக்கும் பனி பார்க்க ஆசை வந்துவிட்டது. “நீயும் வா, உனக்கும் ஒரு மாற்றமாக இருக்கும்” என்றார் சிஞ்ஞோரா. இரண்டு கிழமை, பதினாலு நாள்.

பனிச்சறுக்கு என்பது இதுதான்: காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஒரு மெசின் மேலே தூக்கிப்போகும். வழுக்கிக்கொண்டு கீழே வருவார்கள். திரும்பவும் வரிசை. ஏறுவதற்கு மெசின், இறங்குவதற்கு மலை. இதைச் செய்துவிட்டு, களைத்துப்போனோம் என்று சூடான சொக்கலேற் குடிப்பார்கள். சறுக்கத் தெரியாதவர்கள் காலில் வலைமட்டை போலொன்றைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடப்பார்கள். நடப்பதற்கும் அங்கே வழிகாட்டி உண்டு, கட்டணம் உண்டு.

என் விளையாட்டு வேறு. பனியில் சக்கர நாற்காலி உருளாது. வெயில் படும் மரவாங்கு வரைக்கும் கிழவரை முதுகில் சுமந்துகொண்டு போவேன். அவரை இருத்திப் போர்த்திக் கையுறை மாட்டி முடிக்கவும் அவருக்கு மூத்திரம் முட்டும். திரும்பவும் முதுகு, திரும்பவும் ஹோட்டல், ஒவ்வொரு உடுப்பாக உரிப்பு. பலெர்மோவில் வேலை முடிந்தால் என் அறைக்காவது போவேன். மலையில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில்தான் எனக்கும் கட்டில். குளிரில் விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிருந்தன.

ஒருநாள் மத்தியானம் சிஞ்ஞோராவின் மகன் ஒரு சறுக்குவண்டியைக் கொண்டுவந்தான். கிழவரை முன்னால் வைத்து, விழாமல் பிடிக்க என்னைப் பின்னால் இருத்தித் தள்ளிவிட்டான். சின்னச் சரிவுதான். கிழவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன். கீழே போய்ச் சேரும் வரைக்கும் சிரித்தேன். சிஞ்ஞோரா அதைப் படமெடுத்து எனக்கும் அனுப்பினார். நான் அதை எங்கள் குடும்பக் குரூப்பில் போட்டேன். “அண்ணா, நல்லாத்தான் விளையாடுறியள்” என்று தங்கை எழுதினாள்.

வைகாசி நடுப்பகுதியில் ஒருநாள், குசினியில் கிழவருக்கு சூப் வடித்துக்கொண்டு நின்றேன். சிஞ்ஞோரா வந்து லீவுக் கதையைத் தொடங்கினார். இரண்டு கிழமை லீவு மலையில் முடிந்துவிட்டதாம். மிச்ச இரண்டு கிழமை ஆகஸ்டில், அவர்கள் எல்லோரும் கடற்கரை வீட்டுக்குப் போகும்போது. ஜூனில் அவருக்கு வேலை அதிகம், வீட்டில் ஆள் வேண்டும்.

“மலையில் நான் வேலைதானே செய்தேன், சிஞ்ஞோரா?”

“வேலையா? ஹோட்டல், சாப்பாடு, பனி. இதற்காக ஆட்கள் வருடம் முழுக்கக் காத்திருக்கிறார்கள்” என்றவர், ஃபோனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். “பார், எப்படிச் சிரிக்கிறாய்.”

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் கோபம். சம்பளமில்லாமல் ஒரு கிழமை கேட்டேன். எனக்குப் பதிலாக நம்பிக்கையான ஒரு ஆளை விடுகிறேன் என்றேன். தன் அப்பாவுக்குப் புது முகம் ஒத்துவராது என்றார். தொழிற்சங்கக் கந்தோருக்கும் போய்ப் பார்த்தேன். உன் பக்கம்தான் நியாயம், இலையுதிர்காலத்துக்குள் ஒரு முடிவு வரும் என்றார்கள். நியாயம் புரட்டாசியில் வரும், முகூர்த்தம் ஆனியில்.

வேலையை உதறிவிட்டுப் போயிருக்கலாமே என்று சிலர் இப்போதும் சொல்கிறார்கள். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, வெறும் ரசீதோடு நின்ற நேரம் அது. வேலை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்கிற அந்த அனுமதியும் இல்லை. சொல்கிறவர்களுக்கு வாய் நோகாது.

தங்கைக்கு நானே சொன்னேன்.

“லீவு முடிஞ்சுபோச்சு, பிள்ளை.”

“எப்ப எடுத்தனீங்கள்?”

“மாசியிலை. மலைக்குப் போனதை லீவிலை கழிச்சுப்போட்டினம்.”

“என்ரை கலியாணம் உங்களுக்குத் தையிலையே தெரியும்தானே, அண்ணா?”

“அது விளையாடப் போனதில்லையடி. வேலைக்குத்தான் போனனான்.”

“வேலையெண்டா ஏன் லீவிலை கழிச்சவை?”

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். நான் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் கேட்கும்போது கள்ளக் கதையாகத்தான் இருந்தது. ஏதாவது வருத்தம், ஆஸ்பத்திரி என்று புளுகியிருந்தால் அவள் எனக்காகக் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருப்பாள்.

அம்மா அயலட்டையில் “தம்பிக்கு அங்கை வேலை கூட” என்று சொல்லிப் பார்த்தார். படம் அதற்குள் எல்லாருடைய ஃபோனுக்கும் போய்விட்டது. “பனிக்குப் போக மட்டும் நேரமிருக்கு” என்று மாப்பிள்ளை வீட்டாரே கதைத்தார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கல்யாணத்தன்று பலெர்மோவில் விடியவே அனல்காற்று. கிழவருக்குக் கோப்பி பருக்கிக்கொண்டே ஃபோனில், வீடியோ அழைப்பில் பார்த்தேன். சித்தப்பாவின் மகன்தான் தோழன். குனிந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். நன்றாகத்தான் செய்தான். அவன் ஒரு பிழை விடமாட்டானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படிப் போய்விட்டது.

தாலி கட்டி முடிந்தபின், அவனே ஃபோனைக் கொண்டுபோய் மணவறையில் இருந்த தங்கையின் கையில் கொடுத்தான். கூறைச்சேலையும் நகையுமாக அவளை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். என்ன சொல்ல வேண்டுமென்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அண்ணா, அங்கை இன்னும் பனியோ?” என்று கேட்டாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“இல்லை” என்றேன்.

“சரி அண்ணா” என்று சொல்லிவிட்டு, படம் எடுக்கிறவர் கூப்பிட்ட பக்கம் திரும்பிக்கொண்டாள்.