எமிலியானுஸ் எழுதிய ஒற்றை வரி

ஊர்காவற்றுறையில் எமிலியானுஸ் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ‘கொம்பியூட்டர் எமில்’ என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் படலையில் விடுவார்கள். தகப்பன் வலை போட்டுப் பிழைத்தவர். மகனுக்கோ வள்ளத்தில் கால் வைத்தாலே குமட்டிக்கொண்டு சத்தி வரும். ஆனால் கணக்கு என்றால் தண்ணீர்பட்ட பாடு. அந்தக் கணக்குத்தான் அவனைக் கொழும்புக்கு இழுத்துப்போய், ஒரு கம்பனியில் கொம்பியூட்டருக்கான அட்டைகளில் ஓட்டை போடும் வேலைக்கு இருத்தியது. சில வருடங்களில் அட்டைகள் போய் எழுத்துத் தெரியும் திரைகள் வந்தன. எமிலியானுஸும் புரோகிராம் எழுதுகிறவன் ஆனான்.

அந்தத் திரைக்குள் கோப்புகளைத் திருத்தும் புரோகிராம் ஒன்று இருந்தது. எத்தனை ஆயிரம் கோப்பு என்றாலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தேவையில்லை. ‘இந்தச் சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் எடுத்துவிட்டு அந்தச் சொல்லைப் போடு’ என்று ஒரு வரி எழுதி விசையைத் தட்டினால் கதை முடிந்தது. எழுதுவினைஞர்கள் இரண்டு கிழமை முதுகு ஒடிய இருந்து திருத்துவதை அவன் ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் திருத்திவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சநஞ்சப் பெருமையா? தலை கால் தெரியாத பெருமை!

எண்பத்தோராம் ஆண்டு, தாதிமார் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் பரீட்சைக்கு அனுமதிக் கடிதம் அச்சடிக்கும் வேலை அந்தக் கம்பனிக்கு வந்தது. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. பெயர், ஊர், பரீட்சை நடக்கும் இடம், அவ்வளவுதான் அதில். கடைசி நேரத்தில் ஒரு கட்டளை வந்தது: சின்னச் சின்ன நிலையங்களை மூடிவிட்டு, கிட்டடியில் உள்ள பெரிய நிலையத்தைப் போட வேண்டும். மேலாளர் எமிலியானுஸின் தோளில் தட்டி, “தீவுகள் உன்னுடைய பக்கம்தானே, நீயே பார்த்துச் செய்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. இரவு மெயில் ரெயினில் ஊருக்குப் போக அவனிடம் ரிக்கற் இருந்தது. அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று எந்தக் கோப்பில் இருந்தாலும் பரீட்சை இடத்தை ஊர்காவற்றுறை ஆக்கச் சொல்லி மளமளவென்று வரியை எழுதினான். நெடுந்தீவு என்ற சொல்லில் விரல் ஒருமுறை நின்றது. நின்றது உண்மை, அதை அவனே மறுக்க மாட்டான். ஒரு மார்கழியில் அங்கே கலியாணத்துக்குப் போய், வாடைக் காற்றில் வள்ளம் விடாமல் நாள்கணக்காய் மாட்டுப்பட்டவன் அவன். மற்ற இரண்டு தீவாருக்கும் ஊர்காவற்றுறை எதிர்க்கரை. நெடுந்தீவாருக்கு அப்படியா, நடுவில் பெருங்கடல் அல்லவா? ஒவ்வொரு கோப்பையும் காட்டிக் கேட்டுக் கேட்டு மாற்றுகிற வழியும் அந்தப் புரோகிராமில் இருந்தது. அதைப் பிடித்திருந்தால் நெடுந்தீவை மட்டும் விலக்கியிருக்கலாம், ஆனால் ரெயின் போய்விடும். ‘கடல் சனம்தானே, எப்பிடியும் வந்திடுவினம்’ என்று தட்டிவிட்டான். ஊர்காவற்றுறையாருக்கு நெடுந்தீவாரைப் பற்றி எப்போதும் உள்ள எண்ணம்தான் அது.

நத்தார் பண்டிகைக்கு அவன் வீட்டில் நின்றபோது நெடுந்தீவிலிருந்து யாகப்பு என்பவர் மகள் ஞானசவுந்தரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி மாக்கிறேற் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

“தம்பி, உங்களைத்தான் நம்பி வந்தனாங்கள்,” என்றார் யாகப்பு. “வழமையா எங்கடை பள்ளிக்கூடத்திலைதான் சோதினை வைக்கிறவை. இந்தமுறை ஊர்காவற்றுறை எண்டு கடிதம். சோதினைக்கு முதல் நாள் விடியவே பிள்ளையோடை துறைமுகத்துக்கு வந்திட்டன். காத்து. வள்ளம் விடேல்லை. சோதினையண்டும் விடேல்லை. தை மாசத்தோடை இவளுக்கு வயசெல்லை முடியுது. இன்னொருக்கா எழுத ஏலாது.”

“கோதாரி!” என்றாள் மாக்கிறேற். “கடலைக் கண்ணாலை காணாத ஆரோ கொழும்பிலை இருந்துகொண்டு செய்த விசர் வேலை! இஞ்சேருங்கோ, ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோவன்.”

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, வந்தவர்களுக்குக் கதிரையும் போட்டுக் கொடுத்திருக்கிறது! மெஷின் விட்ட பிழை என்று சொன்னால் மூவரும் நம்புவார்கள். அப்படிச் சொல்ல எமிலியானுஸ் வாயும் திறந்தான்.

அதற்குள் ஞானசவுந்தரி பேசினாள். “கடிதம் வந்த உடனை இடத்தை மாத்தித் தரச்சொல்லிக் கேப்பம் எண்டு அப்பா நிண்டவர், அண்ணை. நான்தான் மறிச்சனான். கடிதம் அடிக்கிற இடத்திலை எமில் அண்ணை இருக்கிறார், எங்கடை கடல் தெரிஞ்ச ஆள், பிழையெண்டால் விட்டிருக்க மாட்டார் எண்டனான்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான்தான் தங்கச்சி மாத்தினது. என்ரை கையாலைதான் செய்தனான்,” என்றான்.

மாக்கிறேற் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாகப்பு மகளைப் பார்த்தார். ஞானசவுந்தரிதான் அவனுக்காக ஒரு வழி தேடினாள். “எத்தினை ஊர், எத்தினை பேர். நெடுந்தீவும் அதுக்குள்ளை கிடந்தது தெரியாமல் செய்திருப்பியள், என்ன?”

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பிள்ளை அதையும் மன்னித்திருப்பாள். அது தெரிந்துதான் அவனுக்கு அந்தச் சொல் வரவில்லை.

“இல்லை, தெரியும். வள்ளம் விடாதெண்டும் நினைச்சனான். ரெயினுக்கு நேரம் போகுதெண்டு...”



“அப்ப எங்களை நினைச்சுப் போட்டுத்தான் தட்டினனீங்கள்,” என்றாள் ஞானசவுந்தரி. குரலில் கோபம் இல்லை. கோபமாய்க் கேட்டிருந்தாலாவது அவன் காலில் விழுந்திருப்பான்.

யாகப்பு எழும்பிச் சால்வையைத் தோளில் போட்டார். “வா பிள்ளை, கடைசி வள்ளத்தைப் பிடிக்கவேணும்,” என்றார். மாக்கிறேற் படலை வரை அவர்களோடு போனாள். திரும்பி வந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனவள், புருசனின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.