உயிரோடு இருப்பவளுக்கு ஓர் இலை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. காஜா பெராங் செட்டிக் கம்பம் என்ற கிராமத்திலிருந்து, மலாய்க்காரர்போல் சாரோங் கெபாயா உடுத்திய ஓர் அம்மா, மறதி முற்றிய கணவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். கணவர் அடிக்கடி, "நீ யாரு?" என்பார். முதல்முறை கேட்பதுபோலவே அந்த அம்மாவும், "உங்க பொண்டாட்டி" என்பார். செட்டிகள் தமிழ் வம்சம்தான் என்றாலும், பேச்சு மலாயில்தான்.

டாக்டர் மண்டையோட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "படத்துல ஒண்ணுமில்ல. நோயே கிடையாது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வேணும்னா அனுப்பலாம்."

மூளை சுருங்குவதைக் காட்டும் மெஷினெல்லாம் அப்போது ஏது? ஆனால் அந்த அம்மா விடவில்லை.

"எலும்பைப் படம் புடிச்சிட்டு நோயில்லன்னா எப்படி, டாக்டர் துவான்? போன வருஷம் பர்ச்சுப் படையல்ல, குடும்பத்துல செத்தவங்களுக்கு இலை போட்டுப் படைக்கிறப்போ, உயிரோட நிக்கிற எனக்கும் ஒரு இலை போட்டுட்டாரு இவரு. வீடே அழுதுச்சு. நான் அந்த இலை முன்னால உட்கார்ந்து, எல்லாத்தையும் சாப்பிட்டேன். இவரை எங்கேயும் அனுப்ப மாட்டேன்."

வாசலில் கணவர் மறுபடியும், "நீ யாரு?" என்று கேட்டார். அந்த அம்மா டாக்டர் அறைப் பக்கம் திரும்பிக்கொண்டு, இன்றைக்கும் என் காதைவிட்டுப் போகாத குரலில் சொன்னார்:

"உங்க பொண்டாட்டி. இன்னும் சாகல."